மூன்று படி இறக்கம்

மைக் கைக்கு வந்ததும் தேவமலர் முதலில் அதன் தலையைத் துடைப்பார். இடுப்பில் செருகியிருக்கும் பெரிய ஆண்கள் கைக்குட்டையை எடுத்து, தைலம் இரண்டு சொட்டு விட்டு, சளி பிடித்த குழந்தையின் மூக்கைத் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைப்பார். "நேத்து எந்தக் கல்யாணத்துல எவன் கத்துனானோ, யாருக்குத் தெரியும்லா?" என்பார். ஒலிபெருக்கிக்காரர் முகம் சுளித்தாலும் கவலைப்படமாட்டார். துடைத்து முடித்த பிறகு அதே ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்து, "நல்லாருங்க தம்பி" என்று ஒரு வாழ்த்து. சுளித்த முகம் அதோடு நேராகிவிடும்.

இந்த "நல்லாருங்க" அவரிடம் வஞ்சனையில்லாமல் கிடைக்கும். மலாக்கா சென்ட்ரல் பேருந்து நிலையத்தில், டிக்கெட் கண்ணாடிக்குப் பின்னால் பதினெட்டு வருடங்களாக உட்கார்ந்திருக்கிறார். வயது நாற்பத்தொன்பது. பிறந்தது சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டம். இப்போது இருப்பது புக்கிட் காத்திலில் ஒரு வரிசை வீடு. குளுவாங்குக்கு எத்தனை மணிக்கு வண்டி, ஈப்போவுக்கு எத்தனை மணிக்கு, பீடோரில் எது நிற்கும், எது நிற்காமல் ஓடிவிடும் என்பதெல்லாம் கணினியைப் பார்க்காமலே சொல்வார். காலையில் வடக்கே போகிறவர்களுக்கு இடப்பக்க ஜன்னலும் மாலையில் போகிறவர்களுக்கு வலப்பக்க ஜன்னலும் கொடுப்பார். வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று பயணிகள் யோசிப்பதில்லை, அவர் யோசிப்பார். சீட்டை நீட்டும்போது மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் ஒரே "நல்லாருங்க". நிலையத்தில் பாதிப் பேருக்கு அந்த ஒரு தமிழ்ச்சொல் தெரியும்.

நன்றி சொல்வதில் அவருக்குக் கை சற்று தாராளம். மழை விட்டால் மழைக்கு நன்றி. அச்சு இயந்திரம் சிக்காமல் சீட்டைத் துப்பினால் அதன் முதுகில் ஒரு தட்டு. பெட்ரோல் நிலையத்தில் கண்ணாடி துடைத்த வங்காளதேசத்துப் பையன் அவர் சொன்ன நன்றியின் நீளம் தாங்காமல் ஓடிப்போனதாகச் சொல்வார்கள். ஒருவர் செய்ததை உடனே சொல்லிவிட வேண்டும், உள்ளே வைத்திருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

வார நாள்களில் இப்படி. வாரக் கடைசியில் அவர் பாடகி. "அதே குரல்" என்பது இசைக்குழுவின் பெயர். எண்பதுகளில் திரைப்படங்களில் பாடிய ஒரே ஓர் அம்மாவின் பாடல்களை மட்டும் பாடுகிற குழு அது. அந்த அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், போட்ட மரியாதை போதவில்லை என்று தேவமலர் சண்டைக்கு வருவார். அவர் அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்.

குழுவில் அவரைத் தவிர நான்கு பேர். கீபோர்டு வாசிக்கும் கோகுலராஜ்தான் தலைவர். தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை, நாய்களுக்குப் பயப்படாத மனிதர். புல்லாங்குழல் பிச்சைமுத்துவுக்கு அறுபத்தொன்று. உம்பாய்க் கடற்கரைச் சாலையில் இளநீர்க் கடை. கிட்டார் வீரமுத்து, தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். குழுவுக்கும் அதே வேன், அதே ஓட்டுநர். டிரம் குகன் ஏர்கான் பொருத்துகிறவர், இருப்பதில் இளையவர், முப்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருடங்களாக முதல் மூவரும் தேவமலரும் ஒன்றாக இருக்கிறார்கள். குகன் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்.

இவர்களுடைய கொள்கை ஒன்றுதான்: இசைத்தட்டில் இருப்பது இருக்கிறபடி. ஒரு பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அம்மா மூச்சிழுப்பது லேசாகக் கேட்கும். தேவமலரும் அதே இடத்தில் அதே அளவு மூச்சிழுப்பார். இன்னொரு பாட்டில் வயலின்காரர் யாரோ அரை நொடி பிந்தி வருகிறார். கோகுலராஜ் நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்தத் தவறை, ஒவ்வொரு மேடையிலும், பக்தியோடு செய்துகாட்டுவார். சுருதி மாறவே கூடாது. அம்மா எந்த உயரத்தில் பாடினாரோ அதே உயரம். மற்றக் குழுப் பாடகிகள் தங்கள் தொண்டைக்குத் தக்கபடி இறக்கிப் பாடுவதைக் கேட்டால் தேவமலருக்குப் பற்றிக்கொண்டு வரும். "எறக்கிப் பாடுறதுக்கு வீட்ல சட்டி கழுவலாம்லா" என்று முகத்துக்கு நேரே சொன்னதும் உண்டு.

கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் மொத்தப் பாட்டும் ஒரு படி இறங்கும். இன்னொரு முறை அழுத்தினால் இன்னொரு படி. வாசிக்கிற விரல் பழைய இடத்திலேயே இருக்கும், சத்தம் மட்டும் கீழே போகும். ஒருமுறை கெமாஸில் ஒரு கல்யாணத்தில் யார் கையோ பட்டு, அந்தப் பொத்தான் ஒரு படி இறங்கிக் கிடந்தது. யாருக்கும் தெரியவில்லை. தேவமலர் முதல் வரியிலேயே நிறுத்தினார். மணமக்களைப் பார்த்துக் கும்பிட்டு, "மன்னிக்கணும், இது அம்மா பாட்டு இல்ல" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிப்போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கோகுலராஜ் ஏற்றிவைத்த பிறகுதான் திரும்பினார். அந்தக் கதையைக் குழுவில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், பயத்தோடும் சொல்வார்கள்.

போன வருடம் தேவமலரின் கழுத்துச் சுரப்பியில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, பேச்சு திரும்பிவிடும், ஆனால் உச்சத்தில் எட்டுவது கொஞ்சம் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த டாக்டருக்கும் தாதியர் எல்லோருக்கும் தேவமலர் முறுக்கு சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பாடிப்பார்த்தார். மேலே போகவேண்டிய இடத்தில் குரல் இல்லை, காற்றுதான் வந்தது. அன்றைக்கே கோகுலராஜுக்கு அழைத்து, "வேற ஆளப் பாருங்கண்ணே. எறக்கிப் பாட நான் வரமாட்டேன், ஒங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டார். அதன்பின் ஐந்து மாதம் அம்மாவின் ஒரு பாட்டைக்கூட அவர் வீட்டில் போடவில்லை. கணவர் சிவசாமி வானொலியைக் காதோடு வைத்துக் கேட்பார், அதுவும் மனைவி குளிக்கப் போகும்போது.

கோகுலராஜ் வேறு ஆளைப் பார்க்கவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சும்மா வந்து ஒக்காரு மலரு, பாட வேணாம், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று கூப்பிட்டார். கோகுலராஜ் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில்தான் எப்போதும் பயிற்சி. தேத்தண்ணி குடித்தார்கள். கோகுலராஜ் சும்மா ஒரு பாட்டின் முன்னிசையை வாசித்தார். தேவமலர் சும்மா வாயைத் திறந்தார். குரல் வந்தது. மேலே போக வேண்டிய இடத்துக்குப் போயே விட்டது. பாட்டு முடிந்ததும் அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். நான்கு ஆண்களும் நான்கு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"முருகன் குடுத்தான்" என்றார் தேவமலர். வேண்டுதல் ஒன்று ஏற்கெனவே வைத்திருந்தார். மாசி மகத்தன்று மஞ்சள் சேலை கட்டிப் பால்குடம் எடுத்தார். பிச்சைமுத்து குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். வீரமுத்து தண்ணீர்ப் போத்தலோடு. குகன் வெறுங்காலோடு, வெயிலில் துள்ளித் துள்ளி. கோகுலராஜ் வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. கோயில் வாசலில் தேவமலர் அவரிடம், "ஏண்ணே இவ்ளோ பக்தி?" என்று கேட்டதற்கு, "கால் சுடுது" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த முதல் வெளியூர் அழைப்பு பேராக் மாநிலத்திலிருந்து. தெலுக் இந்தானுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள், ஞாயிறு மதிய விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தேவமலர் கோகுலராஜிடம் முன்பே சொல்லிவைத்தார்: "உள்ளூர்ல பாடுறது வேற. அங்க போயி, தெரியாத சனத்துக்கு முன்னாடி அம்மா பாட்ட அம்மா சுருதில பாடிட்டேன்னா, நான் இன்னும் பாடகி. இல்லன்னா கவுண்டரோட சரி. அதுக்கப்புறம் என்னைக் கூப்புடக் கூடாது." கோகுலராஜ் தலையாட்டினார்.

விடிவதற்கு முன் வேன் புறப்பட்டது. தேவமலருக்கு ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னல் இருக்கை. மடியில் சூடான தண்ணீர்ப் புட்டி, காலடியில் ஐந்து பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, அவரே சமைத்துத் தப்பாவ் கட்டியது. பொட்டலத்தில் பெயர் எழுதியிருக்கும். குகனுக்குச் சம்பல் காரம் கூட, பிச்சைமுத்துவுக்கு நெத்திலி இல்லாமல், பல் ஆடுகிறது. வேனில் யாரும் பாடக் கூடாது என்பது சட்டம். தொண்டையை மேடைக்கு மிச்சம் வைக்க வேண்டும். அதனால் அவர் பேசிக்கொண்டு வந்தார். சிரம்பான் வந்தபோது கவுண்டர்க் குரலில், "சிரம்பான், சிரம்பான், எறங்குறவங்க எறங்கலாம்" என்றார். கோலாலம்பூரைச் சுற்றிக்கொண்டு போகும்போது, "இங்க எறங்குனா திரும்பி வரமாட்டீங்க, ஒக்காருங்க" என்றார். வீரமுத்து சிரித்துச் சிரித்து ஒரு சந்திப்பைத் தவறவிட்டார். குகன் கைபேசியில் வழி பார்த்துச் சரிசெய்தார். தேவமலர் இப்படிப் பேசி ஒரு வருடம் ஆயிற்று என்பது நால்வருக்கும் தெரியும்.

தஞ்சோங் மாலிம் தாண்டி ஓர் ஓய்விடத்தில் நிறுத்தினார்கள். ஆண்கள் காப்பி குடிக்கப் போனார்கள். தன்னிடம் சுடுதண்ணீர் இருப்பதால் தேவமலர் வேனிலேயே இருந்தார். பின்ஜன்னல் வழியே வெயில் நேராகப் பிச்சைமுத்துவின் குழல் பையில் விழுந்துகொண்டிருந்தது. வெயில் பட்டால் மூங்கில் வெடித்துவிடும். பயணிகளுக்கு வெயில் பார்த்து இருக்கை கொடுக்கிறவருக்கு இதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எழுந்துபோய்ப் பையை எடுத்தார். மூடாத ஜிப் வழியே ஒரு குழல் நழுவி இருக்கையில் விழுந்தது.

புல்லாங்குழலில் பொத்தான் கிடையாது. ஒவ்வொரு சுருதிக்கும் தனிக் குழல் வேண்டும். பிச்சைமுத்துவின் குழல்களை இருபத்திரண்டு வருடமாகத் தேவமலருக்குத் தெரியும். ஒல்லியானவை, வாயருகே சிவப்பு நூல் சுற்றியவை. விழுந்து கிடந்தது அதில்லை. நீளமாகவும் தடிப்பாகவும் இருந்தது. சிவப்பு நூலும் இல்லை. பையைத் திறந்தார். உள்ளே இருந்த அத்தனையும் புதுசு, அத்தனையும் தடித்தவை. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால், பிச்சைமுத்துவின் கோணல் எழுத்தில், பாட்டின் முதல் சொல்லும் அதன் கீழே "மலர் – 3 எறக்கி" என்றும் எழுதியிருந்தது. பழைய குழல் ஒன்றுகூட இல்லை.

தேவமலர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று படி இறக்கி. முதல் நாள் கார் நிறுத்துமிடத்தில் வந்த குரல், மாசி மகத்தில் பால்குடம் எடுத்த குரல், நான்கு மாதமாகப் பாடுகிற குரல், எல்லாமே மூன்று படி கீழே. கெமாஸில் ஒரு படிக்கு மேடையிறங்கிய காதுக்கு இது எப்படித் தப்பியது என்று கேட்கலாம். அந்தக் காது தொண்டையைப் பிடித்துக்கொண்டுதான் உயரம் அளந்தது. தொண்டை புதுசாகிவிட்டது. பிடிக்க ஒன்றுமில்லாமல், வந்த குரலை வந்த இடத்திலேயே நம்பிவிட்டது. அம்மாவின் இசைத்தட்டைப் போட்டு ஒப்பிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவர் போடவில்லை. ஒப்பிடப் பயந்திருந்தார் என்பதும் இப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

முதலில் கோபம் வந்தது. நல்ல சுத்தமான கோபம். நான்கு ஆம்பளைகள் சேர்ந்து என்னைக் குழந்தையாக்கிவிட்டார்கள், முருகனிடமே பொய் சொல்ல வைத்துவிட்டார்கள் என்று வந்தது. அடுத்த நிமிடம் டிக்கெட் கவுண்டர் மூளை வேலை செய்தது. பீடோரில் இறங்கினால் மதியத்துக்கு முன்னால் தெற்கே ஒரு வண்டி நிற்கும். கோலாலம்பூர் போய் மாறினால் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு.

பிறகு மடியிலிருந்த குழலை எடுத்து, சும்மா, துளைகளில் விரல் வைத்துப் பார்த்தார். எட்டவில்லை. துளைக்குத் துளை அவ்வளவு தூரம். அறுபத்தொரு வயதில், இளநீர் வெட்டி முட்டி வீங்கிய கை இதை எப்படிப் பிடிக்கிறது? பயிற்சியில் பிச்சைமுத்து விரல்களுக்குத் தைலம் தேய்ப்பதைப் பார்த்து, "கடைய மகன்கிட்ட விடுங்கண்ணே" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறார். வீரமுத்துவின் கிட்டாரிலும் பொத்தான் இல்லை. பட்டியலில் இருக்கும் பதினெட்டுப் பாட்டுக்கும் விரல் மாற்றிப் பழகியிருக்க வேண்டும். புதன்கிழமை தோறும் நால்வரும் பந்து விளையாட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று அவர்கள் மனைவிமார் சொன்னார்களே, எந்தப் பந்து? கோகுலராஜ் கீபோர்டில் இறக்கிய படியின் எண் தெரியும் இடத்தில் ஒட்டிவைத்திருக்கும் கறுப்புப் பட்டை, கேட்டபோது "கீறிப்போச்சி மலரு" என்றாரே, எந்தக் கீறல்? வயலின்காரர் பிந்திய அரை நொடியைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர்கள், பாட்டையே மூன்று படி விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். விட்டுக்கொடுத்ததை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

தேவமலருக்குக் கண் நிறைந்துவிட்டது. கடவுளுக்கு எடுத்த பால்குடம் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது, வழியில் நான்கு பேரைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று தோன்றியது. நன்றியை உடனே சொல்லிவிட்டுப் பழகிய வாய்க்கு இது புதுச் சோதனை. சொன்னால் அவர்கள் நான்கு மாதம் கட்டிக்காத்தது உடைந்துவிடும். சொல்லாவிட்டால் இவருக்குத் தூக்கம் இல்லை. குழலைப் பையில் வைத்து, ஜிப்பை முழுதாக மூடி, நிழலில் சாய்த்துவைத்தார்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். பிச்சைமுத்து ஏறியதும் பை இடம் மாறியிருப்பதைப் பார்த்தார்.

"பைய நீயா நகத்துன மலரு?"

"வெயில் அடிச்சிச்சிண்ணே. மூங்கிலு வெடிச்சிரும்."

"தொறந்தியா?"

"எனக்கு எதுக்குண்ணே ஒங்க கொழலு? ஊதத் தெரியுமா எனக்கு?"

பிச்சைமுத்து மூச்சு விட்டது முன்னிருக்கை வரை கேட்டது. வேன் கிளம்பியது. தேவமலர் அதன்பின் ஊர்ப்பெயர் எதையும் அறிவிக்கவில்லை. பீடோரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்தபோது, சாலையோரத்தில் பேருந்துகள் நிற்குமிடத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது. தெற்கே போகிற வண்டி ஒன்று அங்கே நின்றிருந்தது. எந்த நிறுவனம், எத்தனை மணி வண்டி என்றெல்லாம் அவருக்குத் தெரியும். வேன் கதவு அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது. பின்னால் தைல வாசம் வந்தது. திரும்பிப் பார்த்தார். பிச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டு இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பச்சை விளக்கு விழுந்தது.

"அக்கா, ஏன் சத்தத்தையே காணோம்? தொண்ட சரியில்லயா?" என்று வீரமுத்து கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"தொண்டைக்கு என்னா. நல்லாத்தான் இருக்கு. நீ ரோட்டப் பாரு."

மண்டபத்தில் இருபது வட்ட மேசை, ஏறக்குறைய இருநூறு பேர். ஒரு காலத்தில் ஒரே வகுப்பில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள், இப்போது ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குழுவை அழைத்த இந்திராதேவி டீச்சர் அந்தப் பள்ளியிலேயே படித்து அங்கேயே பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். வந்தவுடனே ஐந்து பேருக்கும் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் மேடையைக் காட்டினார்.

ஏழு பாட்டு நன்றாகப் போயிற்று. நன்றாக என்றால், மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிற அளவுக்கு. தேவமலர் அன்றுதான் தன் புதுக் குரலைத் தெரிந்துகொண்டு பாடினார். அது கீழே இருந்தது, உண்மைதான். ஆனால் தளும்பாமல் இருந்தது. முன்பு உச்சிக்குப் போகிற பதற்றத்தில் ஓடிக் கடந்த சொற்களின் மேல் இப்போது நின்று நிதானமாக நடக்க முடிந்தது. ஒவ்வொரு இடையிசையிலும் அவர் பிச்சைமுத்துவின் விரல்களைப் பார்த்தார். அவை விரிந்து, நடுங்கி, அந்தத் தூரத் துளைகளை ஒன்றுவிடாமல் எட்டிக்கொண்டிருந்தன.

எட்டாவது பாட்டுக்கு முன் இந்திராதேவி டீச்சர் மேடையருகே வந்து ஒரு பாட்டைக் கேட்டார். "நாங்க ஸ்டாண்டர்டு சிக்ஸ் முடிச்ச அன்னிக்கு அத்தன பிள்ளைங்களும் இந்தப் பாட்டத்தான் பாடுனோம். அதுல மூணு பேரு இப்ப இல்ல. ஒங்களக் கூப்புட்டதே இதுக்குத்தான்மா."

அந்த அம்மா பாடியதிலேயே உயரமான பாட்டு அது. மற்றவற்றின் உச்சியைவிட ஒரு படி மேலே ஏறி அங்கேயே நிற்கும். தேவமலர் திரும்பி வந்த பிறகு அது பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்று அவரும் கேட்டதில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் கோகுலராஜ் முந்திக்கொண்டார். "அது இன்னிக்கி லிஸ்ட்ல இல்லயே டீச்சர். ப்ராக்டிஸ் பண்ணல."

"எனக்குக் கம்பி ஒண்ணு சரியில்ல" என்றார் வீரமுத்து. அதே கம்பியில் இப்போதுதான் ஏழு பாட்டு வாசித்திருந்தார்.

"அந்தப் பாட்டுக்கு டிரம்முல செட்டிங் வரல டீச்சர்" என்று குகன் சொன்னார்.

பிச்சைமுத்துவுக்குப் பொய் சட்டென்று வராது. "கொழலு... கொழலு வீட்ல இருக்கு" என்றார். அது மட்டும் உண்மை.

டீச்சர் முகம் வாடினாலும், "பரவாயில்ல, வேற பாடுங்க" என்று திரும்பப் போனார். தேவமலர் நால்வரையும் வரிசையாகப் பார்த்தார். அவருக்காக மீண்டும் பொய் சொல்லிவிட்டு நால்வரும் நான்கு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கார் நிறுத்துமிடத்தில் நின்ற மாதிரியே. அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இருங்க டீச்சர்" என்று மைக்கிலேயே சொன்னார். "பாடுறோம். மூணு பேருக்காவது பாடணும்ல."

"மலரு" என்று கோகுலராஜ் மெதுவாகக் கூப்பிட்டார். "வேணாம்மா. அது ஒயரம்."

மேடையில் இரைச்சல் நடுவே பேச்சு எடுபடாது. குழுக்காரர்களுக்கு விரல்தான் பேச்சு. சுருதி மாற்ற வேண்டுமென்றால், விரலை மேலே காட்டினால் ஏற்று, கீழே காட்டினால் இறக்கு, எத்தனை விரலோ அத்தனை படி. மற்றக் குழுப் பாடகிகள் இதைக் கூட்டத்துக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் காட்டிக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருடத்தில் தேவமலரின் விரல் ஒருமுறைகூட கீழே காட்டியதில்லை.

அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கோகுலராஜைப் பார்த்து, பிறகு வீரமுத்து, குகன், பிச்சைமுத்து என்று ஒவ்வொருவர் முகத்திலும் கண்ணை நிறுத்தினார். உதடு மட்டும் அசைய, "மூணு பத்தாதுண்ணே" என்றார். கையை நன்றாகப் பக்கவாட்டில் நீட்டி, கடைசி மேசையில் இருப்பவர்களுக்கும் தெரியும்படி, நான்கு விரல்களைத் தரையை நோக்கிக் காட்டினார்.

பிச்சைமுத்து குழலைக் கீழே இறக்கினார். கோகுலராஜுக்குக் கை எழ நேரம் பிடித்தது. அது எழுந்து, அந்தப் பொத்தானைத் தேடிப்போய், தொடுகிற வரைக்கும் தேவமலர் நீட்டிய விரல்களை மடக்கவில்லை.